பள்ளியில் வைத்த மூன்றாவது பானை: அதை இரண்டு முறை உடைத்த ஜெகஜீவன் ராம்

உங்கள் சம்பள ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாதாமாதம் பி.எஃப். என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள் இல்லையா? அந்தத் திட்டம் 1952-ல் சட்டமானபோது மத்திய தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் ஜெகஜீவன் ராம். 1948-ல் குறைந்தபட்ச ஊதியச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் வந்தபோதும் அவர்தான் அமைச்சர்.

இவ்வளவு பெரிய பதவிக்கு வந்தவரின் பொதுவாழ்க்கை எங்கே தொடங்கியது என்று கேட்டால், ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைத்தான் காட்ட வேண்டும்.

யார் இந்த ஜெகஜீவன் ராம்?

1908 ஏப்ரல் 5 அன்று பீகாரில் ஆரா நகரை ஒட்டிய சந்த்வா கிராமத்தில், ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தார். அப்பா சோபி ராம், பிரிட்டிஷ் ராணுவத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட, அம்மா வசந்தி தேவிதான் படிக்க வைத்தார். 1922-ல் ஆரா டவுன் பள்ளியில் சேர்ந்தபோது ஜெகஜீவனுக்கு வயது 14.

பானையில் என்ன பிரச்சனை?

அந்தக் காலத்து வட இந்தியாவில் ரயில் நிலையங்களில்கூட இந்துக்களுக்கு ஒரு தண்ணீர், முஸ்லிம்களுக்கு ஒரு தண்ணீர் என்று தனித்தனியாக வைப்பார்கள். ஆரா பள்ளியிலும் அப்படி இரண்டு பானைகள் இருந்தன. தாகம் எடுத்தது, ஜெகஜீவன் இந்துக்களின் பானையிலிருந்து தண்ணீர் குடித்தார். அவ்வளவுதான் நடந்தது. ஆனா விஷயம் தலைமை ஆசிரியர் வரை போனது.

அவர் கண்டுபிடித்த தீர்வு, மூன்றாவதாக ஒரு பானை. தீண்டத்தகாதவர்களுக்கு என்று தனியாக. யாரையும் அடிக்கவில்லை, பள்ளியை விட்டு அனுப்பவும் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் கிடைக்கிறதே, இதில் என்ன தப்பு என்று கேட்கும் அளவுக்கு அது நியாயம் மாதிரியே தெரிந்தது. அதுதான் அதன் ஆபத்து.

ஜெகஜீவன் அந்தப் பானையை உடைத்தார். பள்ளி இன்னொன்று வைத்தது. அதையும் உடைத்தார். அதன்பிறகு மூன்றாவது பானை வேண்டாம் என்று தலைமை ஆசிரியர் முடிவு செய்தார்.

கூடப் படித்தவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தச் சம்பவம் இன்றுவரை பலமுறை சொல்லப்படுகிறது. ஆனால் சொல்லும்போது வகுப்புத் தோழர்கள் யாருடைய பெயரும் அதில் வருவதில்லை. யோசித்துப் பாருங்கள். இந்துக்களின் பானையில் குடிக்க உரிமை இருந்த நாலு மாணவர்கள், நாங்களும் மூன்றாவது பானையிலேயே குடிக்கிறோம் என்று போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எதையும் உடைக்காமலே அந்த ஏற்பாடு அர்த்தம் இழந்திருக்கும். அப்படி யாரும் வராத இடத்தில், பாதிக்கப்பட்ட சிறுவனே வாதியாகவும் வழக்கறிஞராகவும் நிற்க வேண்டியிருக்கிறது.

படித்து முன்னேறினால் சாதி போய்விடுமா?

1925-ல் ஆரா பள்ளிக்கு வந்த மதன் மோகன் மாளவியா, ஜெகஜீவன் வாசித்த வரவேற்புரையைக் கேட்டு அசந்துபோய், காசி இந்து பல்கலைக்கழகத்தில் படிக்க அழைத்தார். போனார். உதவித்தொகையும் கிடைத்தது. ஆனா விடுதியில் அவருக்குச் சாப்பாடு பரிமாற மறுத்தார்கள். உள்ளூர் முடிதிருத்துபவர்கள் அவருக்கு முடிவெட்ட மாட்டார்கள். எப்போதாவது காசிப்பூரிலிருந்து வரும் ஒரு தலித் முடிதிருத்துபவர்தான் வெட்டிவிடுவார். கடைசியில் அங்கிருந்து கல்கத்தா போய், 1931-ல் பி.எஸ்சி. பட்டம் பெற்றார்.

பிறகு அரசியல். 1946-ல் நேருவின் இடைக்கால அரசில், 38 வயதில், மிக இளைய அமைச்சர். பசுமைப் புரட்சியின் தொடக்க ஆண்டுகளில் உணவு, வேளாண் துறை. 1971 வங்கதேசப் போரின்போது பாதுகாப்புத் துறை. 1979-ல் துணைப் பிரதமர்.

அவர் மீது விமர்சனமும் உண்டு. 1975-ல் நெருக்கடி நிலைக்கு ஒப்புதல் கேட்கும் தீர்மானத்தை மக்களவையில் கொண்டுவந்தவர் அவர்தான். 1977 பிப்ரவரியில்தான் இந்திரா காந்தியை விட்டு விலகினார். சிறுவயதில் தனியாக நின்ற அந்தத் துணிச்சல் அப்போது எங்கே போனது என்று நீங்கள் கேட்டால், அது நியாயமான கேள்வி.

1978-ல் என்ன நடந்தது?

அப்போது அவர் நாட்டின் பாதுகாப்பு அமைச்சர். வாரணாசியில் சம்பூர்ணானந்தின் சிலையைத் திறந்துவைத்தார். அவர் கிளம்பிப் போனதும், தலித் கைபட்ட தீட்டு என்று சொல்லி, சிலர் அந்தச் சிலையைக் கங்கை நீர் ஊற்றிக் கழுவினார்கள். அரசியல் சாசனத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்து 28 ஆண்டுகள் ஆகியிருந்தன. முப்படைகளும் அவர் துறையின் கீழ் இருந்தன. ஆனாலும் 14 வயதில் பானையருகே நடந்தது, 69 வயதில் சிலையருகே திரும்ப நடந்தது.

1986 ஜூலை 6 அன்று, எம்.பி.யாக இருந்தபோதே ஜெகஜீவன் ராம் காலமானார். அவர் பிறந்தநாள் சமத்துவ தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இன்று உங்கள் அலுவலகத்தில் மூன்று பானைகள் இருக்காது. ஆனா மதியச் சாப்பாட்டு மேசையில் யார் டப்பாவிலிருந்து யார் எடுத்துச் சாப்பிடுகிறார்கள், வீடு வாடகைக்குக் கேட்டுப்போன நண்பரிடம் முதலில் என்ன கேட்கிறார்கள் என்று கவனித்திருப்பீர்கள். அப்போது பக்கத்தில் இருக்கும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான், ஆராவில் கூடப் படித்தவர்கள் பதில் சொல்லாமல் விட்ட கேள்வி.