பேசும் பொறி சமைத்த கெம்பெலன்

சிலருடைய விளையாட்டை நினைவிற் கொண்டு, அவர்தம் உழைப்பை மறந்துவிடுதல் உலகின் இயல்பு. வொல்ப்காங் வான் கெம்பெலன் என்பார் அவ்வாறு மறக்கப்பட்டோருள் ஒருவர்.

இவர் 1734-ஆம் ஆண்டு, இந்நாளில் பிராட்டிஸ்லாவா என வழங்கும் பிரெஸ்பர்க் நகரிற் பிறந்தார். மரியா தெரேசா அரசியாரின் ஆட்சியில் உயர் அலுவல் புரிந்தார். 1770-இல் சதுரங்கம் ஆடும் துருக்கியப் பாவை ஒன்றை அரசவையிற் காட்டினார். ஐரோப்பா வியந்தது. ஆயின் ஆடியது பாவையன்று. பெட்டியினுள் ஒளிந்திருந்த மனிதனே.

அக்காலத்தே இவர் பேசும் பொறி ஒன்றையும் அமைக்கத் தொடங்கினார். நுரையீரலுக்குத் துருத்தி, குரல்வளைக்குத் தந்தத் தகடு, வாய்க்கு இரப்பர்ப் புனல், மூக்கிற்கு இரு துளைகள். துருத்தியை முன்கையால் அழுத்தி, புனலை உள்ளங்கையால் மூடித் திறக்கச் சொற்கள் பிறந்தன. தகடு ஒன்றேயாதலின் குரல் ஏற்றத்தாழ்வின்றி ஒரே சுருதியில் ஒலித்தது. இதில் வஞ்சனை யாதுமில்லை. பொறியின் அமைப்பு முழுவதையும் 1791-இல் நூலாக வெளியிட்டார். 1804-இல் வியன்னாவில் உயிர் நீத்தார்.

அந்நூலைத் துணைக்கொண்டு வீட்ஸ்டன் என்பார் பொறியை மீண்டும் அமைத்தார். அதனைக் கேட்டு ஊக்கமுற்ற இளைஞர் கிரகாம் பெல், பின்னாளில் தொலைபேசி கண்டார். இன்று கணிப்பொறியானது மனிதக் குரலை எண்களாக்கி, சுருதியைச் சமன்செய்து, இயந்திரக் குரலாக மாற்றுகின்றது. கெம்பெலனுடைய பொறிக்குக் குறையாயிருந்ததனை நாம் இன்று விரும்பிப் படைக்கின்றோம்!

சதுரங்கப் பாவை 1854-இல் பிலடெல்பியாவில் தீக்கிரையாயிற்று. நூலோ இன்றும் பயன் தருகின்றது. கல்வி கற்கும் நாம், பிறர் வியக்க மறைத்தலினும் பிறர் அறிய விளக்குதலே பெருமை என்பதை இவர் வாழ்வினின்று உணர்வோமாக.