குடியானவர்கள் நம்பிய பாதிரியார்

மைசூர்ப் பக்கம் செல்லும் தமிழர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1779-ல் அங்கே ஹைதர் அலியிடம் சமாதானத் தூதராக வந்தவர் ஒரு பாதிரியார். பெயர் கிறிஸ்டியன் பிரடெரிக் சுவார்ட்ஸ்.

1726-ல் பிரஷ்ய நாட்டில் பிறந்த இவர், 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழ் கற்றார். பிறகு திருச்சியிலும் தஞ்சையிலும் சமயத் தொண்டு செய்தார். சென்னை கவர்னர் ரம்போல்டு இவரைத் தூது அனுப்பியபோது, ஹைதர் மரியாதையுடன் வரவேற்று, வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணம் தஞ்சையில் அநாதைக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று.

தூது பலிக்கவில்லை. 1780-ல் போர் மூண்டது. ஆயினும் பாதிரியாரை யாரும் தடுக்கலாகாது என்று ஹைதர் தம் படையினருக்கு உத்தரவிட்டார்.

போரோடு பஞ்சமும் வந்தது. தஞ்சைக் கோட்டைத் தெருக்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. ஏற்றிவர மாடுகள்தான் கிடைக்கவில்லை. முன்பு கூலியைத் துபாஷிகள் பறித்துக்கொண்டதால், குடியானவர்கள் மாடுகளை ஓட்டிச் சென்றுவிட்டனர். அரசர் கேட்டும் பயனில்லை. கூலியைத் தாமே கையில் தருவதாகவும், பறிபோகும் மாட்டுக்கு ஈடு கொடுப்பதாகவும் சுவார்ட்ஸ் ஓலை அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. சொன்னபடி கூலியும் தீர்க்கப்பட்டது.

1798 பிப்ரவரி 13-ல் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். இவரது பாதுகாப்பில் வளர்ந்த இந்து மன்னர் சரபோஜி, பளிங்கில் எழுப்பிய நினைவுச் சின்னம் சிவகங்கைப் பூங்காவை அடுத்த சுவார்ட்ஸ் ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.