பந்துக்கு ஒருவர், ஆட்களுக்கு ஒருவர்!

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் சாயங்காலம் ஆனால் போதும், தெருவுக்குத் தெரு ஆட்டம்தான். ஆனால், அவுட்டா இல்லையா என்று சண்டை வந்துவிட்டால்? ஆட்டமே நின்றுவிடும் அல்லவா! இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு, அதற்கு வழியும் கண்டுபிடித்த ஒரு வாத்தியாரின் கதையைக் கேளுங்கள்.

அவர் பெயர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டில் 1861, நவம்பர் 6-ந் தேதி பிறந்தார். ஒன்பது வயதிலேயே அப்பா, அம்மா இருவரையும் விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். படிப்பைப் பாதியில் விட்டு மரம் வெட்டப் போனார். பிறகு மனம் மாறி, மீண்டும் பள்ளிக்கு வந்து, பட்டமும் பெற்றார்.

1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். வெளியே ஒரே பனி. உள்ளே 18 முரட்டு மாணவர்கள். அவர்களுக்குக் கூரைக்கு அடியில் ஆடும்படி ஒரு புது ஆட்டம் வேண்டும். துறைத் தலைவர் கொடுத்த கெடு, பதினான்கே நாள்!

பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் மாட்டினார் நெய்ஸ்மித். பக்கத்துக்கு ஒன்பது பேர். பந்தைக் கூடையில் போட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நடந்தது அடிதடி! கண் வீங்கியது, ஒருவருக்குத் தோள்பட்டையே நழுவியது. இதை 1939-ல் வானொலியில் அவரே சொன்னார்.

பந்தோடு ஓடுபவரைப் பிடித்து இழுப்பதால்தானே சண்டை? எனவே, பந்தோடு ஓடக் கூடாது என்றார். மொத்தம் 13 விதிகள் எழுதினார். அவற்றில் நடுவர்கள் இருவர்! ஒருவர் பந்தை மட்டும் கவனிப்பார். எல்லை தாண்டியதா, கூடையில் விழுந்ததா என்று சொல்வதும், நேரத்தைக் கணக்கிடுவதும் அவர் வேலை. இன்னொருவர் ஆட்களை மட்டும் கவனிப்பார். தள்ளுவது, இடிப்பது எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது.

தண்டனையும் படிப்படியாக வந்தது. முதல் தவறு கணக்கில் ஏறும். இரண்டாவது தவறு என்றால், அடுத்த கோல் விழும்வரை வெளியே! வேண்டுமென்றே காயப்படுத்தினால் ஆட்டம் முழுக்க வெளியே. மாற்று ஆளும் கிடையாது. எல்லைக்கு வெளியே போன பந்து யாருக்கு என்று தகராறா? நடுவரே பந்தை உள்ளே எறிவார். ஆட்டம் தொடரும்!

இன்று பெரிய சர்வதேசப் போட்டிகளில் மூன்று நடுவர்கள். அவர்கள் ஆளுக்கொரு பகுதியைக் கவனிப்பார்கள். ஆட்டம் நகர நகர, இடம் மாறி நிற்பார்கள்.

நெய்ஸ்மித் பணியாற்றிய அதே பள்ளியில் பின்னாளில் படித்த ஹாரி பக் என்பவர்தான், 1920-ல் நம் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து சேர்ந்ததைக் கண்ணாரக் கண்ட நெய்ஸ்மித், 1939, நவம்பர் 28-ந் தேதி மறைந்தார்.

இன்று சாயங்காலம் நீங்களும் இரண்டு பேரை நடுவராக நிறுத்திப் பாருங்களேன். ஒருவர் பந்தைப் பார்க்கட்டும், மற்றவர் ஆட்களைப் பார்க்கட்டும். சண்டை இல்லாமல், இருட்டும்வரை ஆடலாம்!