நடன மேதை மார்த்தா கிரகாம்

ஆடலில் துயரத்தைக் காட்ட வேண்டுமானால் முகம் வாட வேண்டும், கண் கலங்க வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். அமெரிக்க நடனமணி மார்த்தா கிரகாம் அம்மையார் 1930-இல் அமைத்த 'லேமென்டேஷன்' என்னும் ஆட்டத்தைத் திரையில் பார்த்தபின் அவ்வெண்ணம் மாறியது. 'புலம்பல்' என்பது அதன் பொருள். ஒரு பெண் தாழ்ந்த பெஞ்சின்மேல் அமர்ந்திருக்கிறாள். குழாய்போல் தைத்த ஊதா நிறத் துணி ஒன்று அவளை மூடியிருக்கிறது. முகமும் கைகளும் பாதங்களுமே வெளியே தெரிகின்றன. அவள் உள்ளிருந்து முட்டுகிறாள், திருகுகிறாள், முன்னும் பின்னும் சாய்கிறாள். துணி இழுபட்டுக் கோணல் கோணலாய் மடிப்பு விழுகிறது. முகத்தில் அழுகையே இல்லை. ஆனால் என் தொண்டை அடைத்தது. எல்லாம் ஏறத்தாழ நான்கே நிமிடந்தான்!

இந்த வித்தை அவருக்கு எங்கிருந்து வந்தது?

1894-இல் பென்சில்வேனியா மாநிலத்து அலகேனியில் பிறந்தவர் மார்த்தா. தந்தையார் மனநோய் மருத்துவர். பேச்சு பொய் சொன்னாலும் உடலின் அசைவு காட்டிக் கொடுத்துவிடும் என்று சிறு வயதிலேயே மகளுக்கு உணர்த்தியவர் அவர்தாம். 1911-இல் ரூத் செயின்ட் டெனிஸ் அம்மையாரின் நடனத்தைக் கண்ட மார்த்தா, தம் வழி இதுவே என்று தீர்மானித்தார். ஆயினும் அந்த அம்மையாரின் டெனிஷான் பள்ளியில் சேர்ந்தது 1916-இல், 22-ஆம் வயதில். நம்மில் பலர் பட்டம் வாங்கிவிடும் வயது அது! நடனம் தொடங்க அது மிகவும் பிந்திய வயதென்றே எவரும் சொல்வர்.

பிறர் அமைத்த கீழ்நாட்டு வேடங்களில் அவர் மனம் நிறைவடையவில்லை. 1923-இல் பள்ளியை விட்டு விலகினார். 1926-இல் நியூயார்க்கில் தம் சொந்த நிகழ்ச்சியை அரங்கேற்றினார். அவர் கண்டுபிடித்தது மிக எளிய ஒன்று: மூச்சு. மூச்சை விடும்போது வயிறு உள்ளே குழிந்து முதுகு வளைகிறது. இழுக்கும்போது உடல் நிமிர்ந்து விரிகிறது. விம்மும்போதும் வாய்விட்டுச் சிரிக்கும்போதும் நடப்பது இதுதானே? இந்தச் சுருக்கத்தையும் தளர்வையும் பெரிதாக்கி, அவற்றையே தம் நடன முறைக்கு அடிப்படையாக்கினார். பாலே நடனம் உழைப்பை மறைத்து, உடல் காற்றில் மிதப்பதாகக் காட்டும். இவரோ வெறுங்காலுடன் தரையில் விழுந்து எழுந்தார். அழகில்லை என்று அன்று பலர் முகம் சுளித்தனர்.

அவர்தம் வாழ்க்கை வரலாற்றில் வரும் ஒரு நிகழ்ச்சி என்னை விட்டு அகலவில்லை. 'லேமென்டேஷன்' முடிந்த ஓர் இரவு, ஒரு பெண்மணி மேடைக்குப் பின்னால் அவரைத் தேடி வந்தாள். தன் மகன் லாரியில் அடிபட்டு இறந்ததைக் கண்ணெதிரே பார்த்தவள். அன்றுமுதல் ஒரு சொட்டுக் கண்ணீர் வராமல் கல்லாய் இருந்தவள், அன்றிரவு அழுதுவிட்டாள். அரங்கில் எங்கோ அமர்ந்திருக்கும் அந்த ஒருவருக்காகவே ஆட வேண்டும் என்பதை மார்த்தா அன்று தெரிந்துகொண்டார்.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவில் ஆட நாஜி அரசு அழைத்தது. தம் குழுவின் யூதப் பெண்களை எண்ணி அவர் மறுத்துவிட்டார். 1947-இல் அமைத்த 'நைட் ஜர்னி' கிரேக்க மன்னன் ஈடிபஸின் கதை. ஆனால் அதைத் தாயாகிய ஜொகாஸ்டாவின் நெஞ்சிலிருந்து சொன்னார். இந்தத் துணிவைத்தான் நான் பெரிதும் போற்றுகிறேன்.

குறையும் உண்டு. 75 வயதுவரை தம் வேடங்களை விட்டுக்கொடுக்க மனமின்றி மேடையேறினார். ஆடுவதை நிறுத்தியபின் மதுவில் ஆழ்ந்து நோயுற்றார். உடலையே மொழியாகக் கொண்டவருக்கு அது ஊமையாவதைத் தாங்க முடியவில்லை போலும். ஆனால் மீண்டு வந்தார். பிறர் உடல்களைக்கொண்டு புதிய ஆட்டங்களை அமைத்தார். 1991 ஏப்ரல் 1-ஆம் நாள், 96-ஆம் வயதில் அவர் மறைந்தபோதும் ஓர் ஆட்டம் பாதியில் இருந்தது.