ஆய்வுக்கூடத்து மாணவர் இராமன்

அறிவியல் மேதை சர் சி. வி. இராமன் அவர்களை நாம் நோபல் பரிசின் வாயிலாகவே அறிந்திருக்கிறோம். 1930ஆம் ஆண்டில் அப்பரிசினைப் பெற்றார் என்பதும், அவர்தம் கண்டுபிடிப்பின் நினைவாகப் பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் 1987 முதல் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது என்பதும் பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்திகள். ஆயின், அவரும் ஒரு காலத்தில் கல்லூரி வகுப்பில் அமர்ந்து, ஆய்வுக்கூடத்தில் செய்முறை செய்து, பல்கலைக்கழகத் தேர்வு எழுதிய மாணவரே என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மாணவப் பருவமே இக்கட்டுரையின் பொருள்.

1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்தார் இராமன். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அவருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் பணி கிடைத்தமையால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் நூல்களுக்குக் குறைவில்லை. பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்விலும், பதின்மூன்றாம் வயதில் அக்காலத்து எஃப்.ஏ. தேர்விலும் தேறிய இராமன், 1903இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பி.ஏ. வகுப்பில் சேர்ந்தார். வகுப்பிலேயே மிக இளையவர், மெலிந்த உடல். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர், இந்தச் சிறுவன் உண்மையிலேயே பி.ஏ. வகுப்பைச் சேர்ந்தவன்தானா என்று வியந்து வினவியதாகச் சொல்வர். 1904இல் பட்டத் தேர்வில் முதலிடம் பெற்று, ஆங்கிலத்திற்கும் இயற்பியலுக்கும் பொற்பதக்கங்கள் வென்றார்.

மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லுமாறு ஆசிரியர்கள் தூண்டினர். ஆனால், அந்நாட்டுக் குளிரை இவ்வுடல் தாங்காது என்று சென்னையின் அரசு மருத்துவர் தடுத்துவிட்டார். ஆகவே, அதே கல்லூரியில் எம்.ஏ. வகுப்பில் தொடர்ந்தார். அம்மருத்துவருக்குத் தாம் நன்றிக்கடன் பட்டிருப்பதாகப் பிற்காலத்தில் இராமன் சொல்வதுண்டு.

எம்.ஏ. வகுப்பில்தான் நாம் சொல்ல வந்த நிகழ்ச்சி நடந்தது. அதனை விளங்கிக்கொள்ள, இயற்பியல் மாணவர் எவரும் கையாளும் நிறமாலைமானியை நினைவுகூர்தல் வேண்டும். ஒரு புறம் இணையாக்கிக் குழல், அதன் முனையில் மெல்லிய பிளவு, மறுபுறம் தொலைநோக்கி, நடுவே வட்ட மேடை, அதன்மேல் கண்ணாடி முப்பட்டகம். முப்பட்டகத்தின் கோணத்தை அளப்பதே மாணவர் செய்யும் முதற் செய்முறைகளுள் ஒன்று. முப்பட்டகத்தின் விளிம்பை இணையாக்கிக்கு நேரே நிறுத்தினால், ஒளி இரு முகங்களிலும் பட்டு இரு புறமும் எதிரொளிக்கும். தொலைநோக்கியைச் சுழற்றி, இரு புறத்திலும் பிளவின் பிம்பத்தைக் குறுக்குக் கம்பியில் பொருத்தி, வெர்னியர் அளவுகளைக் குறித்துக்கொண்டு, அவற்றின் வேறுபாட்டில் பாதியை எடுத்தால் கோணம் கிடைத்துவிடும். அவ்வளவே செய்முறை.

இராமனும் இதைத்தான் செய்தார். ஆனால் அவர் கண் வேறொன்றில் நின்றது. ஒளி முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாக, முகத்தைத் தொட்டும் தொடாமலும் செல்வது போல விழும்போது, எதிரொளித்த பிம்பத்தின் இரு மருங்கிலும் மெல்லிய ஒளிப் பட்டைகளும் இருட் பட்டைகளும் மாறி மாறித் தோன்றின. அவ்வளவு சாய்வில் நோக்குங்கால் முப்பட்டகத்தின் முகம் ஒரு குறுகிய செவ்வகத் துளை போலச் செயற்படுகிறது. துளையின் வழியே செல்லும் ஒளி ஓரங்களில் வளைந்து பட்டைகளை உண்டாக்கும் என்பது பாடநூல் கூறும் விளிம்பு விளைவே. எனினும், பாடநூலில் அப்பட்டைகள் நடுக்கோட்டின் இரு புறமும் ஒத்த இடைவெளியில் அமைந்திருக்கும். இராமன் கண்ட பட்டைகளோ ஒரு புறத்தில் அகன்றும் மறுபுறத்தில் நெருங்கியும் நின்றன.

செய்முறையில் கேட்கப்பட்டது கோணம் ஒன்றே. பட்டைகளைப் பற்றி எவரும் கேட்கவில்லை. தேர்வில் அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. கருவி சரியாகப் பொருத்தப்படவில்லை என்று எண்ணி விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. பட்டைகள் ஏன் ஒவ்வாமல் நிற்கின்றன என்று ஆராய்ந்தார்; சாய்வு மிகுந்த நிலையில் பட்டைகளின் அகலம் எவ்வாறு மாறவேண்டும் என்பதைக் கணக்கிட்டார்; அளந்தும் பார்த்தார். கணக்கும் அளவும் ஒத்துவந்தன.

அன்னூரிலிருந்தும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் காலைப் பேருந்தில் கோவைக்குப் புறப்பட்டு வந்து இயற்பியல் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் இவ்விடத்தில் சற்றே நிற்கவேண்டுகிறேன். முப்பட்டகத்தின் கோணம் 60 பாகை என்பது ஆய்வுக்கூடத்தில் கால் வைக்குமுன்பே அனைவர்க்கும் தெரியும். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டில் அது எழுதியே இருக்கிறது. ஆகவே 58 வந்தால் அளவு திருத்தப்படுகிறது. 60 வரும் வரை வெர்னியர் வளைந்து கொடுக்கிறது! இதில் மாணவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. விடை சரியாக இருந்தால் முழு மதிப்பெண், பிழையானால் குறைப்பு என்று திருத்துகிற நாமும் இதற்குப் பொறுப்பாளிகளே. ஓர் அளவு ஏன் பிழைத்தது என்று மாணவன் எழுதிய பக்கத்திற்கு மதிப்பெண் வழங்கும் துணிவு நம்மில் எத்துணை பேருக்கு உண்டு?

இந்த வகையில் இராமனுக்கு வாய்த்த பேராசிரியர் ஜோன்ஸ் தனித் தன்மை வாய்ந்தவர். தானே கற்கவல்ல மாணவனைத் தடுக்காதிருத்தலே ஆசிரியர் கடமை என்று கருதியவர். வகுப்புகளுக்கு வந்தே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல், ஆய்வுக்கூடத்தை விரும்பியவாறு பயன்படுத்திக்கொள்ள அவர் இராமனுக்கு இடமளித்தார். கட்டுரையை இராமன் அவரிடம் காட்டியபோது, அது சில திங்கள் அவரிடமே கருத்துரை ஏதுமின்றிக் கிடந்தது. பின்னர் இராமன் தாமே இலண்டனில் வெளிவந்த பிலாசாபிகல் மேகசின் என்னும் புகழ்வாய்ந்த ஆய்விதழுக்கு அதனை அனுப்பினார். 1906 நவம்பர் இதழில் கட்டுரை வெளிவந்தது. அம்மாதம்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அடுத்து, திரவங்களின் பரப்பு இழுவிசையை அளக்கும் முறை பற்றிய கட்டுரையும் 1907இல் அவ்விதழிலேயே வெளிவந்தது. இயற்பியலில் அந்நாளில் பெரும்பெயர் பெற்றிருந்த இராலே பெருமகனார் இவருடன் கடிதத் தொடர்பு கொண்டபோது, எழுதுபவர் மாணவர் என்றறியாமல் பேராசிரியர் என்றே விளித்தாராம்.

1907 தொடக்கத்தில் எம்.ஏ. தேர்விலும் இராமன் உயர் சிறப்புடன் தேறினார். தேர்வை அவர் இகழ்ந்தவரல்லர். எழுதிய தேர்வு ஒவ்வொன்றிலும் முன்னிற்கும் ஆற்றல் அவருக்கு இருந்தது. ஆயினும், அத்தேர்ச்சிகள் அவரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் செல்லவில்லை என்பது வியப்பே. ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்வதற்கு அந்நாளில் இந்நாட்டில் வழியில்லை. ஆகவே நிதித்துறைப் பணிக்கான போட்டித் தேர்வை எழுதி, அதிலும் முதலிடம் பெற்று, அவ்வாண்டே கல்கத்தாவில் உதவிக் கணக்காயராகப் பொறுப்பேற்றார். உலோகசுந்தரி அம்மையாருடன் திருமணமும் அவ்வாண்டில்தான் நடந்தது.

கல்கத்தாவில் பவ்பசார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. ஆய்வுக்கூடம் இருந்தது, ஆராய்வோர் அரியர். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும், காலையிலும் இரவிலும், இராமன் அங்கே பணிசெய்தார். அப்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள்களுள் ஒன்று, இன்றும் நம் கல்லூரிகளில் செய்யப்படும் மெல்டி செய்முறை. இசைக்கவையின் ஒரு புயத்தில் நூலைக் கட்டி, மறுமுனையைக் கப்பியின் மேல் விட்டு, எடைத்தட்டைத் தொங்கவிட்டு அதிரச் செய்தால், நூல் பல கண்ணிகளாகப் பிரிந்து அதிரும். நூற்பாலைகள் உள்ள அன்னூர்ப் பகுதிப் பிள்ளைகளுக்கு நூலும் அதன் இழுவிசையும் புதியனவல்ல. கண்ணிகளுக்கு இடையே உள்ள கணுக்கள் அசைவதே இல்லை என்பது பாடம். இராமனுக்கு இங்கும் ஐயம் எழுந்தது. கணு முற்றிலும் அசையாதிருக்குமாயின், கவையில் பிறந்த ஆற்றல் அதனைக் கடந்து அடுத்த கண்ணிக்கு எங்ஙனம் சென்று சேரும்? கணுக்களிலும் நுண்ணிய அசைவு உண்டு என்பதை ஆராய்ந்து, 1909இல் நேச்சர் இதழில் எழுதினார். மாணவர் ஆயிரவர் செய்து முடித்து நோட்டை மூடிவைத்த செய்முறை அது.

எஞ்சியவை பலரும் அறிந்தவை. 1917இல், ஏறத்தாழப் பாதி ஊதியத்திற்கு இசைந்து, அரசுப் பணியைத் துறந்து கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் ஆனார். 1921இல் இங்கிலாந்து சென்று திரும்பும் கடற்பயணத்தில் நீரின் நீல நிறம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் நிழலே அந்நீலம் என்ற கருத்தை மறுத்து, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே காரணம் என்று நிறுவினார். அவ்வழியே தொடர்ந்த ஆய்வு, வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் முதலிய மாணவர்களின் துணையுடன் 1928 பிப்ரவரி 28இல் இராமன் விளைவாக முடிந்தது. சிதறிய ஒளியில் மிக மங்கிய புதிய நிறம் தென்பட்டபோது, அதனைத் திரவத்தின் மாசு என்று தள்ளிவிடாமல் மீண்டும் மீண்டும் தூய்மை செய்து பார்த்த பொறுமையே அங்கும் கைகொடுத்தது.

மேதையரின் வரலாற்றில் குறைகளை மறைத்தெழுதுவது நம்மிடையே வழக்கம், அது தேவையில்லை. 1933இல் இராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரான காலத்தில், பம்பாயில் சிறப்புறத் தேறிய கமலா பாக்வத் என்னும் மாணவியைப் பெண் என்பதால் சேர்க்க மறுத்தார். அவர் உரிமையுடன் வாதிட்டு நின்றமையால், ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு இடம் தந்தார். ஜோன்சிடம் தாம் பெற்ற தடையின்மையை அம்மாணவிக்கு அவர் முதலில் வழங்கவில்லை. கமலா அவர்களின் உழைப்பைக் கண்டபின் இராமன் மனம் மாறினார்; பின்னர்ப் பெண்களுக்கும் அக்கழகத்தில் இடம் கிடைத்தது. கமலா சோஹோனி என்று பின்னாளில் அறியப்பட்ட அவ்வம்மையார் 1939இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

1948இல் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையம் கண்ட இராமன், முதுமையிலும் வைரம், மலர்களின் நிறம், கண்ணின் பார்வை என்று ஆய்வை விடாது நடத்தினார். 1970 நவம்பர் 21ஆம் நாள் தம் எண்பத்திரண்டாம் வயதில் காலமானார். அவரது உடல் அந்நிலையத்தின் தோட்டத்திலேயே எரியூட்டப்பட்டது.