இழையில தொங்கின படிகம்

விருதுநகர் மாவட்டம்னா உங்களுக்குப் பட்டாசும் பரோட்டாவும்தான் ஞாபகம் வரும். கூடவே வத்திராயிருப்பையும் சேர்த்துக்கோங்க. 1898 டிசம்பர் 4-ல் அங்கே பிறந்தவர்தான் கே. எஸ். கிருஷ்ணன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளி, பிறகு மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி.

1928-ல் கல்கத்தாவில் ராமன் விளைவைக் கண்டுபிடிச்சப்போ, ராமனோட கூடவே நின்னு சோதனை செய்தவர் இவர். 1930-ல் நோபல் ராமனுக்கு மட்டும் வந்தது. அதுக்குள்ள கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகம் போய், படிகங்களில் இறங்கிட்டார்.

ஒரு படிகத்துக்குள்ள மூலக்கூறுகள் எந்தப் பக்கம் சாய்ஞ்சு அடுக்கியிருக்கு? எக்ஸ் கதிர் வழியா கண்டுபிடிக்கலாம். ஆனா கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் அந்தக் கணக்கு உயிரை எடுக்கும். கிருஷ்ணன் ஒரு சின்னப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில கட்டி, காந்தப்புலத்தில் தொங்கவிட்டார். படிகம் திரும்பும். எவ்வளவு பலமா திரும்புதுன்னு அளந்தார்.

இதுல என்ன தெரியும்னு கேட்கிறீங்களா? பாச்சா உருண்டையில இருக்கிற நாப்தலீனை எடுத்துக்கோங்க. அதோட மூலக்கூறு தட்டையானது. காந்தப்புலம் அந்தத் தட்டுக்குச் செங்குத்தா இருக்கும்போதுதான் எதிர்ப்பு அதிகம். அதனால, முழுப் படிகத்தை அளந்தாலே உள்ளே தட்டுகள் எவ்வளவு சாய்ஞ்சிருக்குன்னு கணக்குப் போட்டுடலாம். எக்ஸ் கதிர் ஆய்வுக்கு இது பெரிய துணையாச்சு.

1940-ல் லண்டன் ராயல் சொசைட்டி இவரை உறுப்பினராக்கியது. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார். 1961-ல் மறைந்தார்.

நோபல் கைக்கு வரலைன்னு அவர் வேலை நிற்கலை. ராமன் விளைவோட மட்டும் அவர் பேரைச் சொல்லி நாமும் நிறுத்திடக் கூடாது.