செவியாற் கண்ட சிவாஜி

வி.சி. கணேசன் என்னும் பெயரின் முதலெழுத்து விழுப்புரத்தைக் குறிப்பது. நடிகர் திலகம் நம் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்ள நமக்கு அந்த ஓர் எழுத்துப் போதும். 1928 அக்டோபர் முதல் நாள் அவர் இங்கே பிறந்தார். தந்தை சின்னையா மன்றாயர். தாய் இராஜாமணி அம்மையார். மகன் பிறந்த அன்றே தந்தை விடுதலைப் போராட்டத்தின் பொருட்டுக் கைதானார் என்பது கணேசனே தம் வரலாற்றில் பதிந்த செய்தி. பின்னர்க் குடும்பம் திருச்சி சங்கிலியாண்டபுரத்துக்குப் பெயர்ந்தது. ஆகவே விழுப்புரம் அவரைப் பெற்றதே ஒழிய வளர்க்கவில்லை. பின்னாளில் அவர் இப்பகுதி வீடுகளுக்குத் திரும்பி வந்தது பெரும்பாலும் குரலாகத்தான்; அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

திண்டிவனத்தில் என் இளமை கழிந்த 1980களில் ஞாயிறு பிற்பகல் என்றால் எங்கள் வீட்டில் ஒலிச்சித்திரம்தான். முழுநீளத் திரைப்படம் ஒன்றின் ஒலியை மட்டும் பிரித்தெடுத்து, சுருக்கி, வானொலியில் வழங்குவார்கள். காட்சி மாறும் இடம் தெரியாது; யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்பதும் தெரியாது. கேட்பவரே ஊகித்துக்கொள்ள வேண்டும். என் தந்தையைப் பெற்ற ஆயா திரையரங்கின் வாசலை மிதித்தவர் அல்லர். முறத்தில் அரிசி புடைத்தபடி, வீரபாண்டிய கட்டபொம்மனை அவர் கேட்டே அறிந்தார். சில ஆண்டுகள் கழித்து அண்டை வீட்டுத் தொலைக்காட்சியில் அப்படத்தைப் பார்த்தபோது அவருக்குப் பெருத்த ஏமாற்றம். அவர் கேட்டிருந்த கட்டபொம்மன் இன்னும் உயரமானவனாம்.

அந்த உயரம் ஒரு குரலுக்கு எப்படி வாய்த்தது?

ஏழு வயதளவில் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்த சிறுவன் கணேசன், தானும் நடிகனாவது என்று முடிவு செய்தான். பெற்றோர் அற்றவன் என்று பொய் சொல்லி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழுவில் சேர்ந்தான். ஏற்ற முதல் வேடம் சீதை. பிறகு சூர்ப்பணகை, இந்திரசித்து என்று பெண்வேடமும் ஆண்வேடமும் மாறி மாறி வந்தன. பாய்ஸ் கம்பெனிகளின் பயிற்சி கொடுமையானது என்பார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மண் தரையில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவனுக்கும் ஒவ்வொரு சொல்லும் சிதையாமல் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருந்தது. எந்தச் சொல்லுக்கு முன் மூச்சை வாங்குவது, எந்தச் சொல்லில் அதைச் செலவிடுவது என்பதை அச்சிறுவர்கள் இலக்கணமாக அல்ல, பசியோடு கற்றார்கள்.

1940களின் நடுவில் அறிஞர் அண்ணா எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்தார். அதைக் கண்ட பெரியார் அவரைச் சிவாஜி என்று அழைக்க, வேடத்தின் பெயரே ஆளின் பெயராயிற்று. 1952 தீபாவளிக்குப் பராசக்தி வெளிவந்தது. இயக்கியவர்கள் கிருஷ்ணன், பஞ்சு, உரையாடல் மு. கருணாநிதி. படப்பிடிப்பின்போது, மெலிந்த இந்த நாடக நடிகரை மாற்றிவிடலாம் என்ற பேச்சு எழுந்ததும், தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள் முதலியார் இசையாமல் உறுதியாக நின்றதும் பலரும் அறிந்தவை. பொங்கல்தோறும் வேலூர் சென்று அவரை வணங்குவதைக் கணேசன் வழக்கமாகக் கொண்டிருந்தார்.

அப்படத்துக்குப் பின் தமிழ் உரைநடைக்கு ஒரு புதிய வாழ்வு வந்தது. பாடல்களைப் போலவே உரையாடல்களும் இசைத்தட்டில் ஏறித் தேநீர்க் கடைகளிலும் திருமணப் பந்தல்களிலும் ஒலித்தன. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அடுக்குமொழியை மனப்பாடமாகச் சொன்னார்கள். அச்சு செய்யாத வேலை இது.

கண்டறிய வேண்டிய கலைஞனைக் கேட்டு மகிழ்வது நமக்கு மட்டும் உரிய விந்தை அன்று. இங்கிலாந்தில் இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945இல் பிபிசி நிறுவனம் மெல்லிய பொழுதுபோக்குக்கென்றே ஓர் அலைவரிசையைத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் உணவு வேளையில் குடும்பங்கள் வானொலியைச் சுற்றி அமர்ந்து நகைச்சுவை கேட்டன. 1950இல் அங்கே தொடங்கிப் பெரும்புகழ் பெற்ற நிகழ்ச்சி ஒன்றின் நாயகன் ஒரு பொம்மை. பீட்டர் பிரோ என்பவர் உதடசைக்காமல் அதற்குக் குரல் கொடுப்பவர். வானொலியில் உதடு அசைந்தால் யாருக்குத் தெரியும்? ஆயினும் மக்கள் அந்தப் பொம்மையை நம்பினார்கள். குரலில் ஆள் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கணேசனின் குரலுக்குக் கடுமையான தேர்வு நவராத்திரி. 1964இல் வந்த அப்படத்தில் அவருக்கு ஒன்பது வேடங்கள். திரையில் ஒப்பனையும் உடையும் துணை நின்றன. ஒலிச்சித்திரத்தில் அவை இல்லை. அங்கே ஒன்பது பேரையும் மூச்சின் அளவாலும் சொல்லின் வேகத்தாலும் மட்டுமே பிரித்தறிய வேண்டும். எங்கள் ஆயா பிரித்தறிந்தார். பாடல் வரும்போது குரல் டி.எம். சௌந்தரராசனுடையதாகிவிடும், 1954இன் தூக்குத் தூக்கி தொடங்கிய அந்த இணைப்பில் பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும் தையல் கேட்பவர்க்குப் புலப்படாது. இதில் பாதிப் புகழ் சௌந்தரராசனுக்கே சேர வேண்டும்.

வானொலியில் இழந்ததையும் சொல்லத்தான் வேண்டும். தில்லானா மோகனாம்பாளில் நாகசுரம் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அவ்விசைக்குக் கன்னமும் கழுத்தும் புருவமும் கொண்டு கணேசன் செய்த நடிப்பு ஒலியில் அறவே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கேட்டது நல்ல நாகசுரக் கச்சேரி, அவ்வளவே.

அவர் மிகையாக நடித்தார் என்ற குற்றச்சாட்டு இன்றும் ஓயவில்லை. எனக்கும் சில படங்களில் அப்படித் தோன்றியதுண்டு. ஆனால் திரையில் மிகையென்று பட்ட அதே காட்சியை ஒலிச்சித்திரத்தில் கேட்டால் அளவு தவறியதாகத் தோன்றுவதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், மெய்ப்பாட்டை உணர்தற்குக் கண்ணோடு செவியையும் சேர்த்தே கூறினார். செவிவழி வரும் மெய்ப்பாட்டுக்கென்று பழகிய உடம்பு ஒன்று, நெருங்கி வந்த படக்கருவியின்முன் நின்றது. மிகை என்று நாம் சொல்வது அந்த இடைவெளியைத்தான் என்று கருதுகிறேன். நம் வட்டத்துக் கவிஞர்கள் சிலர் கவியரங்கில் ஒலிவாங்கியை விழுங்கிவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு முழங்குவதை இதனோடு ஒப்பிட வேண்டாம். அவர்களுக்கு மூச்சு எங்கே முடியும் என்பதே தெரிவதில்லை.

ஏனையவற்றை விரைந்து கூறலாம். கட்டபொம்மனை முதலில் மேடையில் நூறு முறைக்கு மேல் நடத்தி, வந்த பொருளைக் கல்வி நிறுவனங்களுக்குக் கொடுத்தார். 1959இல் அது படமாயிற்று. 1960இல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றுத் தந்தது. 1989இல் திருவையாற்றில் தேர்தலில் தோற்றார். அரசியல் அவருக்கு வரவில்லை. பிரான்சு 1995இல் செவாலியே அளித்தது. தாதாசாகேப் பால்கே விருது 1996ஆம் ஆண்டுக்குரியதாக வந்தது. சிறந்த நடிகருக்கான தேசிய விருது மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

2001 சூலை 21, சனிக்கிழமை இரவு அவர் சென்னையில் மறைந்தார். மறுநாள் ஞாயிறு. ஆயா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். வானொலிப் பெட்டி பரண்மேல் இருந்தது. தொலைக்காட்சியில் அன்று முழுவதும் அவர் முகம் வந்துகொண்டே இருந்தது. பிற்பகலில் என் அத்தை எழுந்து போய் அதன் ஒலியை முற்றிலும் குறைத்துவிட்டு, பழைய திருவிளையாடல் ஒலிநாடாவைத் தேடி எடுத்துப் போட்டார்.